இரண்டு நாற்காலிப் படகு

பேச ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுகிற புருஷனோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் தமிழ்செல்வியின் வயிற்றெரிச்சல் புரியும்.

பாலமுருகன் கெட்ட மனுஷர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டி மேல் கை வைத்தது கிடையாது. ஆனால் தனக்குப் பிடிக்காத பேச்சு ஒன்று வரப்போகிறது என்று மோப்பம் பிடித்துவிட்டார் என்றால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மோட்டார் போட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவார். கிணறு கனகம்மாசத்திரம் போகிற வழியில் இருக்கிறது. போய்த் திரும்புவதற்குள் சோறும் ஆறிவிடும், பேச்சும் ஆறிவிடும்.

சமையல்கட்டுக்கு ஜன்னல் வைக்கிற பேச்சு அப்படித்தான் போனது. அவள் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு நாள் முன்னதாகப் போகிற பேச்சும் அப்படித்தான் போனது. இருபத்தைந்து வருஷமாக அவள் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்தக் கிணற்றில் கொட்டியிருந்தால் அது எப்போதோ தூர்ந்து போயிருக்கும்.

போன வாரம் அவளை மொட்டை மாடியில், காயப்போட்ட மிளகாய்க்கு நடுவில், போனும் கையுமாக நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். போனில் அந்தப் பக்கம் மோனிகா. சிறுசேரியில் வேலை பார்க்கிற ஒரே மகள்.

"பிரகாஷ நான் கட்டிக்க மாட்டேம்மா. நைனாகிட்ட நீயே சொல்லிடு. ஏன்னு மட்டும் கேக்காத" என்று சொல்லியிருந்தாள்.

பிரகாஷ் யார் என்று புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாலமுருகனின் அக்கா தாயாரம்மாளின் மகன். பொதட்டூர்பேட்டையில் லுங்கிக் கடை. மோனிகா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, "இவ என் மருமவ" என்று தாயாரம்மாள் சொன்னாள். பாலமுருகன் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் நிச்சயதார்த்தம் மாதிரி இத்தனை வருஷமாக இரண்டு குடும்பத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது தாயாரம்மாள் தை மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இந்த ஒரு வாரத்தில் தமிழ்செல்வி நாலைந்து தடவை முயற்சி செய்தாள். "மோனிகா ஒண்ணு சொன்னா" என்று ஆரம்பித்தாலே துண்டு உதறுகிற சத்தம் கேட்டது. படுத்தபின் சொல்லலாம் என்றால், தலை தலையணையில் படுவதற்கு முன்பே குறட்டை வந்துவிடும். அது நிஜக் குறட்டைதானா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் உண்டு.

அதற்காக மோனிகா கண்டுபிடித்த வழிதான் படகு.

"உங்க கல்யாண நாளுக்கு நான் புக் பண்ணித் தரேன். கோவளம் பக்கம் தனி போட்டு. சாயங்காலம் ஏறினா சூரியன் அஸ்தமிக்கறத பாத்துட்டு எறங்கலாம். நீயும் நைனாவும் மட்டும். நடுக்கடல்ல நைனா எங்க எழுந்து போவாரு? மோட்டார் போடவா போவாரு?"

அந்த வாரத்தில் தமிழ்செல்வி சிரித்தது அப்போது மட்டும்தான்.

*

கல்யாண நாள் காலையில் திருத்தணி மலைக்குப் போய்விட்டுத்தான் எங்கேயும் கிளம்ப வேண்டும் என்று பாலமுருகன் சொல்லிவிட்டார். பைக்கில் மேலே போனார்கள். கிருத்திகை இல்லாத சாதாரண நாள் என்பதால் கூட்டம் இல்லை, தரிசனம் சுருக்காக முடிந்தது. சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு தமிழ்செல்வி கேட்டது ஒன்றே ஒன்று. முருகா, இன்னிக்கு இந்த மனுஷன ஒரு பத்து நிமிஷம் ஒரே எடத்துல குந்த வெச்சிடு.

முருகன் சிரித்திருக்க வேண்டும்.

கீழே இறங்கி, அடிவாரத்தில் டிபன் சாப்பிட உட்கார்ந்தபோது பாலமுருகன் இட்லியைப் பிட்டுக்கொண்டே, சாம்பாரில் உப்புக் கம்மி என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"அக்காவையும் பாவாவையும் வரச் சொல்லிட்டேன்."

"எங்க?"

"போட்டுக்குத்தான். பிரகாஷு கார் எடுத்துகினு வரான். பஸ்ஸுல போயி அல்லாட வேணாம் பாரு."

தமிழ்செல்வி கையிலிருந்த இட்லியைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"ஏங்க, அது ரெண்டு பேருக்குன்னு புக் பண்ணது."

"அந்தப் புள்ளைக்கு இன்னா தெரியும். போட்டோல காட்னாளே, இம்மாம் பெரிய போட்டு. நாம ரெண்டு பேர் மட்டும் குந்திகினு போனா மீதி எடம் வீணாதான போவுது?"

காலி இடத்தைக் கண்டால் பொறுக்காத வம்சம் அது. திருப்பதிக்கு வேன் எடுத்துக் கடைசி சீட்டில் ஒரு ஆள் இடம் மிச்சம் இருந்தால், தூங்குகிற பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி ஏற்றிக்கொண்டு போவார்கள். இவர்களுடைய கல்யாணத்தில் பெண்ணழைப்புக் காரில்கூட அவள் மடியில் யாரோ ஒரு குழந்தையை உட்கார வைத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அது யார் குழந்தை என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"நம்ம கல்யாண நாளுங்க இது" என்றாள்.

"அதான் சொல்றேன். நல்ல நாளு, சொந்தக்காரங்க இல்லாம எப்டி?"

பாலமுருகனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று ஒரு பெண்குரல் பேசியது. அவர் ஒரு பட்டனை அழுத்தினார். அங்கே கிணற்றில் மோட்டார் ஓட ஆரம்பித்திருக்கும்.

மோட்டாரைப் போனிலேயே போடுகிற அந்தக் கருவி, பொங்கலுக்கு மோனிகா வாங்கிக் கொடுத்தது. நைனா ராத்திரியில் கிணற்றுக்கு அலையக் கூடாதாம். அவரும் அலைவதை நிறுத்திவிட்டார். பிடிக்காத பேச்சு வந்தால் மட்டும் நேரில் போய்த்தான் மோட்டார் போடுவார்.

அவர் கை கழுவப் போன இடைவெளியில் தமிழ்செல்வி மகளைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் மோனிகா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது.

"ஆறு பேரு வரைக்கும் ஏத்துவாங்கம்மா, அது பிரச்சினை இல்ல. ஆனா அத்தைய வெச்சிகினு நீ எப்டி சொல்லுவ?"

"அத நீ உங்க நைனாகிட்ட கேளு."

"பின்னாடி தனியா குந்திகினாவது சொல்லிடும்மா. இன்னிக்கு வுட்டா அப்பால முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "பிரகாஷும் வரானா?" என்று கேட்டாள்.

"அவன்தான் கார் ஓட்றான்."

"சரிம்மா" என்றாள் மோனிகா. அவள் குரல் ஏனோ இறங்கிப்போனது. கேட்க வேண்டும் என்று தமிழ்செல்விக்குத் தோன்றியது. அதற்குள் பாலமுருகன் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டார்.

*

தாயாரம்மாள் அரக்குப் பட்டுப்புடவையில் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெரிய ஒயர் கூடை, மேலே மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தது. பின்னாலேயே அவள் வீட்டுக்காரர், பாலமுருகன் பாவா என்று கூப்பிடுகிற கஜபதி, கடலில் வெயில் அடிக்குமே என்று தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம். பிரகாஷ் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, "வாங்க அத்த" என்று கதவைத் திறந்துவிட்டான்.

தங்கமான பையன். அதுதான் தமிழ்செல்விக்கு இன்னும் எரிச்சல். ஏதாவது ஒரு குறை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது பேசலாம். ஒரு பீடி பிடித்தான், ஒரு பொய் சொன்னான் என்று கேள்வி இல்லை. இவனை ஏன் வேண்டாம் என்கிறாள் இந்தப் பெண்? கேட்கக் கூடாது என்று வேறு கட்டளை.

"அம்மா, நீ முன்னாடி குந்து. மாமாவும் அத்தையும் பின்னாடி ஃப்ரீயா வரட்டும்" என்றான் பிரகாஷ்.

"முன்னாடி குந்தினா எனக்குத் தல சுத்தும்டா" என்று தாயாரம்மாள் பின்சீட்டின் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு ஜன்னலில் பாலமுருகன், இன்னொரு ஜன்னலில் தமிழ்செல்வி. கஜபதி முன்சீட்டில். அக்காவும் தம்பியும் கனகம்மாசத்திரம் தாண்டுவதற்குள் கரும்பு, மழை, செத்துப்போன ஒரு பங்காளி எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். தமிழ்செல்வி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மல்லிகைப்பூ வாசனையும் பட்டுப்புடவை நாப்தலின் வாசனையும் சேர்ந்து அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு டீக்கடையில் பிரகாஷ் காரை நிறுத்தினான். இறங்கியதும், "அப்பா, அம்மா, வாங்க, அங்க கொய்யா நல்லா இருக்குது பாரு" என்று தன் அப்பாவையும் அம்மாவையும் சாலையோரக் கூடைக்காரியிடம் அழைத்துக்கொண்டு போனான்.

கடவுளே கொடுத்த நேரம். டீ கிளாஸோடு பெஞ்சில் பாலமுருகன் மட்டும்.

தமிழ்செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏங்க, நான் சொல்றத கொஞ்சம் நிதானமா கேளுங்க. மோனிகா என்னாண்ட ஒரு விஷயம் சொன்னா."

அவர் மூக்கு விடைத்தது. அவளுக்குத் தெரியும் அந்த மூக்கு.

"பின் டயர்ல காத்து கம்மியா இருக்குது பாத்தியா?" என்று எழுந்துவிட்டார்.

"காத்து கெடக்கட்டும். குந்துங்க."

"ஹைவேல போறப்ப வெடிச்சா இன்னா ஆவறது?" என்று சொல்லிக்கொண்டே போய், நல்லா இருக்கிற டயரைச் செருப்புக் காலால் நாலு தரம் உதைத்துப் பார்த்தார். உதைத்து முடிப்பதற்கும் தாயாரம்மாள் கொய்யாப் பையோடு வருவதற்கும் சரியாக இருந்தது.

தமிழ்செல்வி மிச்ச டீயைத் தரையில் ஊற்றினாள்.

இதுவாவது பரவாயில்லை. கேளம்பாக்கம் நெருங்கும்போது தாயாரம்மாள் ஒயர் கூடையின் மஞ்சள் துணியை விலக்கினாள். புளிசோற்றுத் தூக்கு இருக்கும் என்று நினைத்திருந்த தமிழ்செல்வி, உள்ளே பார்த்துவிட்டு விறைத்துப்போனாள். பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, தேங்காய், ஒரு பந்து மல்லிகை.

"இன்னா அண்ணி இது?"

"நல்ல நாளு, எல்லாரும் ஒண்ணாதான இருக்கறோம். வெளக்கு வெக்கற நேரத்துல போட்டுலயே தட்டு மாத்திகினா ஒரு வேல முடிஞ்சுது. கடல் சாட்சியா இருக்கும். அப்பால மண்டபம், பத்திரிகனு பாத்துக்கலாம். இன்னாடா சொல்ற?"

"ஆங், நல்லதுதான்க்கா" என்றார் பாலமுருகன், ஜன்னல் வழியாக ஏதோ தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டே.

கார் திடீரென்று பிரேக் போட்டு நின்றது. எல்லோரும் முன்னால் போய் மோதினார்கள்.

"நாயி குறுக்க வந்துடுச்சு" என்றான் பிரகாஷ்.

தமிழ்செல்வி சாலையைப் பார்த்தாள். நாய் எதுவும் இல்லை. ஆனால் அவளுக்கு அதை யோசிக்க நேரம் இல்லை. தட்டு மாற்றிவிட்டால் பிறகு மோனிகாவின் பேச்சு யார் காதில் ஏறும்? ஒரு வாரமாகச் சொல்ல முடியாததை இப்போது சூரியன் இறங்குவதற்குள் சொல்லியாக வேண்டும்.

*

படகு அழகாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று, நடுவில் சின்னக் கூரையோடு. முன்பக்கம் கடலைப் பார்த்தபடி இரண்டே இரண்டு நாற்காலிகள். அவற்றுக்கு வெள்ளைத் துணி போர்த்திச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பலூன்கள். ஒரு சின்ன மேஜை மேல் கேக். கேக்கில் பாலமுருகன் – தமிழ்செல்வி என்று எழுதி நடுவில் ஒரு இதயம்.

தன் பெயரைக் கேக்கில் பார்த்ததும் தமிழ்செல்விக்கு ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோனது. பாவிப் பெண், இதைச் சொல்லவே இல்லையே என்று மனசுக்குள் மகளைக் கொஞ்சினாள்.

"கப்புள் யாரு சார்?" என்று படகுக்காரர் கேட்டார்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் தாயாரம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "முட்டி வலிப்பா. கீழ குந்தினா எழுந்துக்க முடியாது." கஜபதி இன்னொன்றில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சூரியன் கடல்ல முழுகறத இங்கேர்ந்து நேரா பாக்கலாம்" என்றார்.

"அக்கா குந்தட்டும், வுடு" என்றார் பாலமுருகன் பெண்டாட்டியிடம். அவள் ஒன்றும் சொல்லவே இல்லை, அதற்குள் 'வுடு'.

லைஃப் ஜாக்கெட் மாட்டுவதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. பட்டுப்புடவை மேல் அந்த ஆரஞ்சுக் கோட்டைப் போட மாட்டேன் என்று தாயாரம்மாள் அடம்பிடித்து, போடாவிட்டால் படகு நகராது என்று படகுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கடைசியில் போட்டுக்கொண்டாள். பாலமுருகன் ஜாக்கெட்டுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டார்.

தமிழ்செல்விக்குக் கிடைத்தது பின்பக்கப் பலகை. இன்ஜினுக்குப் பக்கத்தில். படகு கிளம்பியதும் நெல் மிஷின் ரூமுக்குள் உட்கார்ந்த மாதிரி சத்தம். முன்னால் யார் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரிந்தது. கடல் பச்சையாக விரிந்து கிடந்தது. கரையில் சவுக்குத் தோப்பும் மீனவர் குடியிருப்பும் பொம்மை மாதிரி சின்னதாகிக்கொண்டே போயின. இவ்வளவு நன்றாக இருக்கிற ஓர் இடத்தில் இவ்வளவு கடுப்போடு உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

நடுவில் நின்றுகொண்டிருந்த பிரகாஷ் பாலமுருகனின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னான். பாலமுருகன் எழுந்து, தடுமாறித் தடுமாறி, பின்னால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முன்னாடி வெயிட்டு அதிகமா போச்சாம். போட்காரரு என்ன பின்னாடி போவச் சொன்னாராம்" என்று அவள் காதில் கத்தினார்.

படகுக்காரர் சுக்கான் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். அவர் வாய் திறந்ததாகவே தமிழ்செல்விக்குத் தெரியவில்லை. யார் சொன்னால் என்ன, ஆள் வந்துவிட்டார். ஒரு பக்கம் இன்ஜின், ஒரு பக்கம் அவள், சுற்றிலும் தண்ணீர்.

"ஏங்க" என்றாள். "மோனிகா விஷயம்."

"இன்னா?"

"மோனிகா."

"கேக்கல."

அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "மோனிகா இந்தக் கல்யாணம்..."

அவர் சட்டைப் பை மினுமினுத்தது. போன். எடுத்துப் பார்த்தார். நடுக்கடலிலும் அந்தப் பெண்குரல் விடவில்லை, மும்முனை மின்சாரம் மறுபடியும் வந்துவிட்டதாம். பாலமுருகன் எழுந்தார். ஆமாம், எழுந்தார். கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டு, சத்தம் குறைவாக இருக்கிற நடுப்பக்கம் போய் நின்று, திருத்தணியில் இருக்கிற மோட்டாரைப் போட்டார்.

தமிழ்செல்வி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போக முடியாத இடம் என்று இந்த உலகத்தில் ஒன்று இருக்கும் என்று நம்பினாளே, அவளைச் சொல்ல வேண்டும். அந்தக் கருவியை வாங்கிக்கொடுத்த மகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முன்னால் தாயாரம்மாள் கேக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜையில் பித்தளைத் தட்டை வைத்து, வெற்றிலையை அடுக்க ஆரம்பித்தாள். படகுக்காரர் அவர்களிடம் கையைப் பின்பக்கம் நீட்டி எதையோ காட்டினார். கஜபதி கோபமாக ஏதோ கேட்டார். அப்புறம் கஜபதியும் தாயாரம்மாளும் எழுந்து, நாற்காலிகளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு வசதியாகப் போடுகிறார்கள் போல என்று தமிழ்செல்வி நினைத்தாள்.

அவள் நினைத்தது தப்பு. படகுக்காரர் சொன்னது இதுதான்: இது கிழக்குக் கடல், இங்கே சூரியன் கடலில் எழும், கடலில் விழாது. விழுவதெல்லாம் கரைப்பக்கம், அதாவது படகுக்குப் பின்பக்கம். தினம் தினம் மலைக்குப் பின்னால் சூரியன் விழுவதைப் பார்க்கிற ஊர்க்காரர்கள், கடலுக்குப் போனால் அது கடலில் விழும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இவ்வளவு தூரம் வந்தும் அது திருத்தணி பக்கமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. படகுக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இரண்டும் இன்ஜின் சத்தத்தில் தமிழ்செல்வி காதில் விழவில்லை.

பாலமுருகன் திரும்பி வந்து உட்கார்ந்தார். "தண்ணி எடுத்துக்கிச்சு" என்று அவள் காதில் திருப்தியாகக் கத்தினார்.

முன்னால் தாயாரம்மாள் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். தம்பியைப் பார்த்து வா என்று தலையை அசைத்தாள். பாலமுருகன் எழுவதற்குக் கம்பியைப் பிடித்தார்.

அவ்வளவுதான். தமிழ்செல்விக்குக் காலையிலிருந்து சேர்ந்திருந்தது எல்லாம் ஒன்றாக மேலே ஏறியது. டிபன் கடை, டயர், நாற்காலி, மோட்டார், வுடு. அவர் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, அவர் காதுப்பக்கம் வாயைக் கொண்டுபோய், நுரையீரலில் இருந்த காற்று அத்தனையையும் சேர்த்துக் கத்தினாள்.

படகுக்காரர் சொல்லியிருந்த இன்னொன்று என்னவென்றால், சூரியன் இறங்கும்போது அமைதியாகப் பார்ப்பதற்காக இன்ஜினை நிறுத்திவிடுவார்கள் என்பது.

நிறுத்தினார்.

"மோனிகாவுக்குப் பிரகாஷ் வேணாமாம்."

அந்தக் கடலில் அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் இருந்தது. தமிழ்செல்விக்கே தன் குரலைக் கேட்டுத் தூக்கிப்போட்டது. அப்புறம் படகின் அடியில் தண்ணீர் தளும்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தாயாரம்மாளும் கஜபதியும் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் தமிழ்செல்வியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்த வெளிச்சம் முழுவதும் அவர்கள் முகத்தில் விழுந்து, ஒவ்வொரு முகமும் துல்லியமாகத் தெரிந்தது. தாயாரம்மாளின் கையில் தட்டு அப்படியே நின்றது. கஜபதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

பாலமுருகன் எழுந்தார்.

துண்டை எடுத்து உதறினார். தோளில் போட்டார். "மோட்டாரு..." என்று ஆரம்பித்து, போட்டாகிவிட்டது என்று ஞாபகம் வந்து நிறுத்தினார். இடப்பக்கம் பார்த்தார், தண்ணீர். வலப்பக்கம் பார்த்தார், அங்கேயும் தண்ணீர். முன்பக்கம் அக்கா.

உட்கார்ந்தார்.

"ஏனாம்?" என்று கேட்டார்.

இருபத்தைந்து வருஷத்தில் அவள் ஒன்றைச் சொல்லி, அதற்கு அவர் ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. இதற்காகத்தானே இத்தனை பாடு. ஆனால் தமிழ்செல்வியிடம் பதில் இல்லை. வாரம் பூராவும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அலைந்தாளே தவிர, அதற்குப் பின்னால் என்ன என்று அவளுக்கே தெரியாது.

"தெரியலங்க" என்றாள். "நான் கேக்கல."

"பெத்தவ கேக்கல?" என்றாள் தாயாரம்மாள். கத்தவில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில்தான் கேட்டாள், அதுதான் பயமாக இருந்தது. "இருவத்து மூணு வருசமா மருமவனு சொல்லிகினு இருக்கறேன். என் புள்ளைக்கு இன்னா கொறச்சல்னு ஒரு வார்த்த கேக்கல நீ?"

"கேக்காதன்னு சொன்னா அண்ணி."

"அவ சொன்னா நீ வாய மூடிகினு வந்துடுவ."

தமிழ்செல்விக்கு முகம் சுட்டது. பேச்சு வந்தால் எழுந்து போகிறார் என்று இந்த மனுஷனை இத்தனை வருஷமாகக் கரித்துக் கொட்டினோமே, மகள் குரல் இறங்கினபோது நாம் என்ன செய்தோம் என்று நினைத்தாள். காலையில் டிபன் கடையில் கேட்டிருக்கலாம். மொட்டை மாடியில் கேட்டிருக்கலாம்.

"கரைக்கு வுடுப்பா" என்றாள் தாயாரம்மாள் படகுக்காரரிடம்.

"இன்னும் டைம் இருக்குதுங்கம்மா. பொழுது எறங்கறத பாத்துட்டு..."

"பாத்தது போதும். வுடு."

படகுக்காரர் சாவியில் கை வைத்தார். அப்போதுதான், கிளம்பினதிலிருந்து நடுவில் நின்றே வந்த பிரகாஷ் பேசினான்.

"வேணாண்ணே. கொஞ்ச நேரம் நிறுத்தியே வைங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் அதிர்ச்சியும் இல்லை, அவமானமும் இல்லை. நாளெல்லாம் எதற்காகவோ காத்திருந்து, அது வந்துவிட்டவன் மாதிரி இருந்தான். கொய்யா வாங்கக் கூப்பிட்டதும், இல்லாத நாய்க்குப் பிரேக் போட்டதும், படகுக்காரர் சொல்லாத வெயிட்டும் ஒவ்வொன்றாகத் தமிழ்செல்விக்குப் புரிய ஆரம்பித்தன.

"ஏன்னு எனக்குத் தெரியும் மாமா" என்றான். "மோனிகா தானா என்ன வேணான்னு சொல்லல. அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்."

பாலமுருகனின் கை மறுபடியும் துண்டுக்குப் போனது. போக இடம் இல்லை என்று தெரிந்தும் போனது. அதற்குள் தமிழ்செல்வி துண்டின் நுனியைப் பிடித்துத் தன் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"குந்துங்க" என்றாள். "அவன் சொல்லட்டும்."

(தொடரும்)